டைரக்ட் கொடுத்த வயர்

மூன்று வருடங்களுக்கு முன்னால், வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்கு முந்தின வாரம் நடந்தது இது. கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற சாலையில், புதுச்சத்திரம் தாண்டி பி.முட்லூர் வருவதற்குள் ஓர் இடம். மத்தியானம் ஒரு மணி இருக்கும். அந்த வழியாக பஸ்ஸில் போனால் இப்போதும் நான் அந்தப் பக்கத்து ஜன்னலில் உட்கார மாட்டேன்.

எனக்குக் கடலூரில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை இருக்கிறது. லாரி, வேன், டிராக்டர் என்று எந்த வண்டி வந்தாலும் ஒயரிங், டைனமோ, பேட்டரி வேலை பார்ப்பேன். இருபத்திரண்டு வருடத் தொழில். ஹாரன் சத்தத்தை வைத்தே பேட்டரி எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று சொல்லிவிடுவேன் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டதே நான்தான் என்பது வேறு விஷயம். எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி. தொழிலில் யாராவது குறுக்கே பேசினால் பிடிக்காது.

என் மனைவியின் தம்பி, என் மச்சான், வெல்டிங் பட்டறை வைத்திருந்தான். கேட், கிரில், தள்ளுவண்டி எது கேட்டாலும் செய்து கொடுப்பான். அதிகம் பேசமாட்டான். ஆனால் எதையும் உற்றுப் பார்ப்பான். அவன் கை வேலை அவ்வளவு சுத்தம். வெல்டு அடித்த இடத்தில் விரலை ஓட்டினால் நெருடாது.

எங்கள் மாதா கோவில் பங்கிலிருந்து வருடாவருடம் வேளாங்கண்ணிக்குப் பாதயாத்திரை போவோம். அறுபது எழுபது பேர் சேருவார்கள். எங்கள் ஆட்கள் மட்டுமில்லை, தெருவில் இருக்கிற இந்துக்களும் நேர்த்திக்கடன் வைத்துக்கொண்டு காவி கட்டி வருவார்கள். முன்பெல்லாம் மத்தியானம் ஆனால் சாலையோரப் புளியமரத்தடியில் துண்டை விரித்துப் படுத்துவிடலாம். நான்குவழிச் சாலை போட்டபோது அந்த மரங்கள் எல்லாம் போய்விட்டன. நான் சொல்கிற யாத்திரைக்கு முந்தின வருடம் வெயில் தாங்காமல் நாலு பேர் மயங்கி விழுந்தார்கள். அதனால்தான் மச்சானுக்கு ஒரு யோசனை வந்தது. வெளிநாட்டில் காருக்குப் பின்னால் ஒரு சின்ன அறையையே கட்டி இழுத்துக்கொண்டு போய்க் காட்டில் தங்குவார்களே, கேம்பர் ட்ரெய்லர் என்று, அந்த மாதிரி ஒன்று செய்துவிடலாம் என்றான். செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்து அளவெடுத்தான். முடியாதவர்கள் ஏறிப் படுத்துக்கொள்ள மேலும் கீழுமாக இரண்டு படுக்கை, முன்பக்கம் கண்ணாடிக்குள் மாதா சொரூபம், பின்பக்கம் ஒரு கதவு. மினி லாரிக்குப் பின்னால் கட்டி இழுக்கலாம். ஒரு மாதம் தன் வேலைகளை எல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு அதைக் கட்டினான்.

ஒயரிங் வேலை என்னுடையது. ட்ரெய்லரின் முன்னால், லாரியோடு கோர்க்கிற இடத்துக்கு மேலே, ஓர் இரும்புப் பெட்டியில் பெரிய பேட்டரி வைத்தேன். அங்கிருந்து தரைக்கு அடியில் ஒரு வயர் பின்பக்கம் போய், கதவுக்குப் பக்கத்தில் ஸ்விட்ச் போர்டில் சேரும். அதில்தான் சொரூபத்து லைட்டு, இரண்டு ஃபேன், வருகிறவர்களின் செல்போன் சார்ஜ் எல்லாம். பேட்டரி பக்கத்தில் ஒரே ஒரு ஃப்யூஸ்.

அந்த வயர் கீழ்ப் படுக்கைக்கு அடியில் ஓர் இரும்புச் சட்டத்தைத் துளைத்துக்கொண்டு போக வேண்டும். மச்சான் ஓட்டை போட்டுக் கொடுத்தான். இரும்பில் போடுகிற ஓட்டையின் விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். அதில் ரப்பர் வளையம் ஒன்று மாட்டி, அதற்குள்தான் வயரை விட வேண்டும். வெல்டர் ஓட்டை போடுவான். ரப்பர் மாட்டுவது வயர் இழுக்கிறவன் வேலை. இது என் கடைக்கு வேலை கற்றுக்கொள்ள வருகிறவனுக்கு முதல் நாளே நான் சொல்லிக்கொடுப்பது. அன்றைக்கு அந்த சைஸ் ரப்பர் கையில் இல்லை. பிறகு மாட்டிக்கொள்ளலாம் என்று வயரை இழுத்துவிட்டேன். அந்தப் 'பிறகு' வரவே இல்லை.

முதல் நாள் காலையில் பூசை முடிந்து, ஃபாதர் மந்திரித்து அனுப்பிவைத்தார். சாயங்காலம் ஆலப்பாக்கம் போய்ச் சேர்ந்தோம். இருட்டுகிற நேரத்தில் ஸ்விட்சைப் போட்டால் சொரூபத்து லைட்டு மங்கலாக எரிகிறது, ஃபேன் சுற்றவா வேண்டாமா என்று யோசிக்கிறது. ஜெபமாலை சொல்ல உட்கார்ந்தவர்கள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பேட்டரி டெர்மினலைக் கழற்றி வெந்நீர் ஊற்றிச் சுத்தம் செய்தேன். தண்ணீர் அளவு பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. மீட்டர் வைத்துப் பார்த்தால், லாரி எஞ்சின் ஓடும்போதும் ட்ரெய்லர் பேட்டரிக்கு சார்ஜ் ஏறவில்லை. காரணத்தைக் கால் மணி நேரத்தில் பிடித்துவிட்டேன். லாரிக்கும் ட்ரெய்லருக்கும் நடுவில், கரண்ட் திரும்பி வருகிற எர்த் வயர் தனியாக இல்லை. இரண்டையும் கோர்க்கிற இரும்புக் குண்டு வழியாகவே எர்த் கிடைத்துவிடும் என்று விட்டிருந்தேன். அந்தக் குண்டில் கிரீஸைப் பூசி வைத்திருந்தார்கள், அது கரண்டை விடாது. தனியாக ஓர் எர்த் வயர் இழுத்துக் கட்டினேன். சார்ஜ் ஏறியது. லைட்டு பளிச்சென்று வந்ததும் "மரியே வாழ்க" என்று ஒரே சத்தம்.

உண்மையில் அதுவும் நான் செய்த தப்பை நானே திருத்தியதுதான். ஆனால் கூட்டத்துக்கு அது தெரியுமா? கைராசிக்காரர் என்றார்கள். எனக்கும் தலையில் கொம்பு முளைத்துவிட்டது.

மறுநாள் காலை ஆலப்பாக்கத்தில் கிளம்பி ஒரு மணி நேரம் நடந்திருப்போம். ஃபேன் நின்றுவிட்டது. பார்த்தால் ஃப்யூஸ் போயிருந்தது. இருபது ஆம்பியர் ஃப்யூஸ். புதிது மாட்டினேன். புதுச்சத்திரத்துக்கு முன்னால் மறுபடி போனது. முப்பது மாட்டினேன். அதுவும் கால் மணி நேரம்தான் தாங்கியது. முந்தின நாள் பேட்டரியில் சத்து இல்லை, இன்றைக்குத்தான் முழுக் கரண்ட் வருகிறது, இரண்டு ஃபேனும் இருபது செல்போனும் சேர்ந்து இழுக்கின்றன, ஃப்யூஸ் தாங்கவில்லை என்று எனக்கு நானே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். கேட்டவர்களுக்கும் அதையே சொன்னேன். கணக்கைக் கூட்டிப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். அத்தனையும் சேர்ந்து பதினைந்து ஆம்பியரைத் தாண்டாது.

புதுச்சத்திரத்தில் டீக்கடை ஓரமாக வண்டியை நிறுத்தி, பேட்டரிப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். பத்துப் பதினைந்து பேர் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். என்னிடம் வேறு ஃப்யூஸ் இல்லை. அப்போது மச்சான் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னான்.

"மாமா, ரோடு வேலை நடக்குற எடத்துல வண்டி பள்ளத்துல எறங்குறப்பதான் போவுது. மூணு வாட்டியும் பாத்துட்டேன். எங்கியோ வயரு பாடில தொடுது. அந்த ஓட்டகிட்ட பாக்கலாமா?"

அவன் ட்ரெய்லருக்குப் பின்னாலேயே நடந்து வந்தவன். பார்த்திருக்கிறான். சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அதைக் கேட்டபோதே எனக்கும் ரப்பர் மாட்டாதது ஞாபகம் வந்தது. ஆனால் அதைப் பார்க்க வேண்டுமென்றால் படுக்கைப் பலகையைக் கழற்ற வேண்டும், அத்தனை பேர் முன்னாலும் என் வேலையில் ஓட்டை என்று தெரியவரும். அதுவும் ஒரு வெல்டர் சொல்லி.

"நீ வெல்டிங் வேலைய பாருடா. கரண்ட்டு எனக்கு சொல்லிக் குடுக்கிறியா?" என்றேன்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மச்சானும் சிரித்துவிட்டு நகர்ந்து நின்றான். அக்காள் புருஷனை எதிர்த்துப் பேசுகிற பழக்கம் அவனுக்கு என்றைக்குமே கிடையாது.

ஒரு பழைய வயரிலிருந்து செம்பு இழைகளை உருவி, நாலைந்தாக முறுக்கி, ஃப்யூஸ் இருந்த இடத்தில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் இறுக்கிச் சுற்றி, மேலே டேப் அடித்தேன். எங்கள் தொழிலில் இதற்கு 'டைரக்ட் கொடுப்பது' என்று பெயர். நடுவழியில் நின்ற வண்டியை ஊர் கொண்டுபோய்ச் சேர்க்க எல்லா மெக்கானிக்கும் செய்வதுதான். நானே நூறு வண்டிக்குச் செய்திருக்கிறேன். ஃபேன் சுற்றியது. "பாத்தியா?" என்பது போல மச்சானைப் பார்த்தேன். அவன் என் கையில் மிச்சமிருந்த செம்பு இழையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பன்னிரண்டரை மணிக்கு ஒரு வெட்டவெளியில் சாப்பாட்டுக்கு நிறுத்தினோம். சாலையைவிட்டுக் கீழே இறக்கும்போது ட்ரெய்லர் ஒரு பக்கமாகச் சாய்ந்து தொம்மென்று இறங்கி நின்றது. லாரியை அணைத்துவிட்டோம். நிழல் என்று பார்த்தால் ட்ரெய்லரின் நிழல்தான். எங்கள் தெருவில் தையல் தைக்கிற அக்கா ஒருவர், கல்யாணமாகி ஏழு வருடமாகியும் குழந்தை இல்லாத மகளுக்காக வேண்டிக்கொண்டு நடந்து வந்தவர், கால் கொப்புளம் உடைந்து நடக்க முடியாமல் மேல் படுக்கையில் ஏறிப் படுத்திருந்தார். மச்சானுக்குக் காலையிலிருந்தே தலைவலி. வெயிலில் சுருண்டு உட்கார்ந்திருந்தான். காலையில் பேசிய பேச்சு எனக்கும் உறுத்திக்கொண்டிருந்தது. சமாதானத்துக்காக, "போயி உள்ள கொஞ்ச நேரம் படுடா, ஃபேனு ஓடுது. சாப்பாடு எடுத்தாறேன்" என்று நான்தான் அனுப்பினேன். கொசு, ஈ வராமல் கதவையும் சாத்திவிட்டு வந்தேன்.

புளிசோற்றுக்குத் தட்டை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்றேன். அப்போது மூக்கில் ஒரு வாடை ஏறியது. வயர் தோல் கருகுகிற வாடை. உலகத்தில் எந்த வாடையை மறந்தாலும் அதை நான் மறக்க மாட்டேன், இருபத்திரண்டு வருடமாக அதில்தானே சோறு தின்கிறேன். திரும்பிப் பார்த்தேன். கதவு இடுக்கில் கறுப்பாகப் புகை வந்துகொண்டிருந்தது.

நான் செய்த காரியத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். கதவுக்கு ஓடவில்லை. லாரிக்கு ஓடினேன், சாவியைத் திருப்பி அணைக்க. அது ஏற்கெனவே அணைந்துதான் இருந்தது. ட்ரெய்லருக்குள் கரண்ட் கொடுத்துக்கொண்டிருந்தது அதனுடைய சொந்த பேட்டரி. வைத்தவனே நான்தான், எனக்கே அந்த நேரத்தில் மறந்துபோனது. பிறகு பேட்டரிப் பெட்டிக்கு ஓடினேன். டெர்மினலைக் கழற்ற ஸ்பேனர் வேண்டும். டூல்ஸ் பை ட்ரெய்லருக்குள் இருந்தது. காலையில் முறுக்கிய அந்தச் செம்பு இழையைக் கையாலேயே பிடித்து இழுத்தேன். டேப் உருகி, இழை பழுத்துப்போயிருந்தது. உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டதே தவிர அறுந்து வரவில்லை. அவ்வளவு உறுதியாகச் சுற்றியிருந்தேன். ஃப்யூஸாக இருந்திருந்தால் அந்த நொடியிலேயே போயிருக்கும், ஃபேன் நின்றிருக்கும், உள்ளே இருந்த இரண்டு பேரும் வியர்த்துப்போய் எழுந்து என்னைத் திட்டிக்கொண்டு வெளியே வந்திருப்பார்கள். அவ்வளவுதான் நடந்திருக்கும்.

சமையல் செய்ய வந்திருந்த ஒருவர் விறகு வெட்டுகிற கொடுவாளோடு ஓடிவந்து, பேட்டரியை ஒட்டி ஒரே வெட்டாக வயரை வெட்டினார். அதற்குள் படுக்கை பிடித்துக்கொண்டது. ரெக்ஸின் மூடிய ஃபோம் மெத்தை. அது எரிவதோடு நிற்காது, உருகி ஒழுகும்.

கதவு உள்ளிருந்து உதைபட்டுத் திறந்தது. முதலில் தையல்கார அக்கா வந்து விழுந்தார். வந்து விழுந்தார் என்றால், மச்சான் அவரைத் தூக்கி வெளியே எறிந்தான். அவர் புடவை மேல் விழுந்த நெருப்பைக் கையாலேயே அடித்திருக்கிறான், மேல் படுக்கையிலிருந்து ஒழுகியதைக் கையாலேயே தள்ளியிருக்கிறான். பின்னாலேயே அவன் இறங்கினான். இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு நடந்து வந்தான். ஃபோம் இரண்டு கையிலும் ஒட்டி எரிந்துகொண்டிருந்தது. கத்தவில்லை. என்னைப் பார்த்து, "மாமா, தண்ணி" என்றான். அவ்வளவுதான்.

எங்களிடம் இருந்தது இரண்டு கேன் குடிதண்ணீர். ஒருவர் மண்ணை அள்ளினார், ஒருவர் கோணியைத் தேடினார். அந்த நேரத்தில் சாலையில் போன ஒரு தண்ணீர் லாரி நின்றது. டிரைவர் யார், எந்த ஊர், எதுவும் தெரியாது. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு குதித்து வந்தவர், மச்சானைத் தோளோடு அணைத்து இழுத்துப் போய் லாரியின் பின்னால் நிறுத்தி, வால்வைத் திறந்துவிட்டார். எங்கள் ஆள் ஒருவர் மஞ்சள்தூள் கொண்டுவந்தார். டிரைவர் அதைத் தட்டிவிட்டார்.

"எதையும் பூசாதீங்க, பிக்காதீங்க. தண்ணி மட்டும் வுடுங்க. நான் சொல்ற வரைக்கும் வுடுங்க" என்று அதட்டினார்.

யாருக்கோ கொண்டுபோன தண்ணீர் முழுவதும் அந்த வெட்டவெளியில் மச்சானின் கைமேல் ஓடியது. பாதி ட்ரெய்லரை அணைத்தது. பிறகு அவனையும் தையல்கார அக்காவையும் தன் லாரியிலேயே முன்னால் ஏற்றிக்கொண்டு, ஹாரனை அழுத்திய கையை எடுக்காமல் சிதம்பரம் பெரிய ஆஸ்பத்திரி வரை கொண்டுவந்து விட்டார். நான் மச்சானைப் பிடித்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருந்தேன். இறக்கி உள்ளே கொண்டுபோய்விட்டுத் திரும்பி வந்தபோது லாரி போய்விட்டிருந்தது. நான் அவருக்கு நன்றி என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

அக்காவுக்கு முழங்காலில் காயம், நெஞ்சில் புகை. பத்து நாளில் வீடு திரும்பினார். மச்சானுக்கு இரண்டு கையும் முழங்கை வரை. தண்ணீர் ஊற்றாமல் இருந்திருந்தால் கையையே எடுக்க வேண்டியிருக்கும் என்றார் டாக்டர்.

மறுநாள் ஓர் ஏட்டு விசாரிக்க வந்தார். என் மனைவி தம்பியின் தலைமாட்டில் நின்றிருந்தாள். பங்கிலிருந்து இரண்டு பேர் இருந்தார்கள். நான் கால்மாட்டில் இருந்தேன். எப்படித் தீப்பிடித்தது என்று ஏட்டு பொதுவாகத்தான் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், சத்தியமாகத் திறக்கத்தான் போனேனா என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை, மச்சான் பேசினான்.

"வண்டி கட்டுனது நான் சார். ஓட்டைக்கு ரப்பரு போடல. வயரு ஒரசி பத்திக்கிச்சி. என் தப்புதான்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான். தலையை ஆட்டினான். பேசாதே என்று அர்த்தம். டைரக்ட் கொடுத்ததை அவன் பார்த்திருக்கிறான். ரப்பர் யார் வேலை என்பதும் அவனுக்குத் தெரியும். ஆனால் அக்காள் புருஷனை ஒரு போலீஸ்காரர் முன்னால் குற்றவாளியாக நிறுத்தினால், நாளைக்கு அந்த வீட்டில் அக்காள் எப்படிச் சோறு போடுவாள் என்று யோசிக்கிற ஆள் அவன். எங்கள் பக்கத்தில் அப்படித்தான் வளர்க்கிறார்கள். ஏட்டு எழுதிக்கொண்டார். கைநாட்டுகூட வைக்க முடியாமல் அவன் கை இரண்டும் கட்டுக்குள் இருந்ததால், என்னைச் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன்.

என் மனைவி வெளியே வந்து சுவரில் சாய்ந்துகொண்டு அழுதாள். "தானே கட்டி தானே வெந்துட்டானே" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன். அதைவிடக் கேவலமாக நான் வாழ்க்கையில் எங்கேயும் நின்றதில்லை.

அதற்குப் பிறகு எட்டு மாதம். தொடையிலிருந்து தோல் எடுத்துக் கையில் வைத்தார்கள். இடது கை ஓரளவுக்கு வந்தது, ஆனால் விரல்களில் பிடியும் உணர்ச்சியும் திரும்பவில்லை. வலது கை விரல்கள் உள்பக்கமாக மடங்கி நின்றுவிட்டன. வெல்டிங் ராடைப் பிடிக்க முடியாது. டீ கிளாஸை இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் வைத்துத்தான் தூக்குவான். சரி, ஆள் வைத்து வேலை செய்யலாம் என்று பட்டறையைத் திறந்தான். வேலை வரவில்லை. மாதா வண்டியையே எரியவிட்டவன் என்று பேச்சு பரவியிருந்தது. தள்ளுவண்டி செய்யச் சொல்லியிருந்தவர்கள்கூடப் பண்ருட்டிக்குப் போய்விட்டார்கள். கையைத்தான் நெருப்பு கொண்டுபோனது. தொழிலில் அவன் சேர்த்து வைத்திருந்த பெயரைக் கொண்டுபோனது நான். "யானைக்கும் அடி சறுக்கும், என்ன செய்றது" என்று என்னிடமே வந்து அவனுக்காகப் பரிதாபப்படுவார்கள். ஆமாம் என்று தலையாட்டுவேன். என் கடைக்கு வழக்கம்போல வண்டிகள் வந்துகொண்டிருந்தன.

அடுத்த வருட யாத்திரைக்குப் பங்கு மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். பூசை முடிந்த ஞாயிற்றுக்கிழமை, நாற்பது பேர் இருப்பார்கள். மச்சான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தான், கையைத் துண்டுக்குள் வைத்துக்கொண்டு. புது வண்டி செய்யலாமா என்று பேச்சு வந்தது. முன்னால் இருந்த ஒருவர், "செய்யலாம், ஆனா நம்ம வெல்டர்கிட்ட குடுக்காதீங்க. சாமியக்கூட அடுப்புல வச்சிடுவாரு" என்றார். கெட்ட எண்ணம் இல்லை, சும்மா கிண்டல். நாலு பேர் சிரித்தார்கள். புதுச்சத்திரம் டீக்கடையில் கேட்ட அதே சிரிப்பு. மச்சான் அன்றைக்குச் சிரித்த மாதிரியே சிரித்தான்.

என்னால் அதற்கு மேல் உட்கார முடியவில்லை. எழுந்தேன். ரப்பர் மாட்டாதது நான், ஃப்யூஸை எடுத்துவிட்டு டைரக்ட் கொடுத்தது நான், அவன் எங்கே பார்க்க வேண்டும் என்று சரியாகச் சொன்னான், நான் வாயை மூடு என்றேன், போய்ப் படு என்று உள்ளே அனுப்பியதும் நான்தான் என்று சொன்னேன். ஒழுங்காகச் சொன்னேனா, உளறினேனா தெரியாது. என் மனைவி பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். எழுந்து வெளியே போய்விட்டாள். இருபது நாள் என்னிடம் பேசவில்லை. சோறு மட்டும் போட்டாள்.

எழுதிக் கையெழுத்துப் போட்ட பொய்யையும் திருத்த வேண்டுமே. மறுநாள் ஃபாதரோடு ஸ்டேஷனுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அதன் பிறகு வந்ததை எல்லாம் இங்கே எழுதவில்லை. எனக்கு வர வேண்டியதுதான் வந்தது.

நாலாம் நாள் மச்சான் கடைக்கு வந்தான். ஸ்டூலில் உட்கார்ந்தான். கோபமாக இருப்பான், ஏன் சொன்னாய் என்று கேட்பான் என்று நினைத்தேன். அவன் கேட்டது வேறு. அத்தனை மாதமும் ஒரு தடவைகூடக் கேட்காத கேள்வி.

"அன்னிக்கு உங்களுக்கும் தெரிஞ்சிடுச்சி இல்ல மாமா, அந்த ஓட்டைலதான் தொடுதுன்னு? உங்க மொகத்துல பாத்தேன். அப்பறம் ஏன் டைரக்ட் குடுத்தீங்க?"

நான் பொய் சொல்லலாமா என்று ஒரு நொடி யோசித்தேன். அவன் கையைப் பார்த்தேன்.

"நீ சொன்னதாலதான்டா" என்றேன். "வேற யாரு சொல்லியிருந்தாலும் கழட்டிப் பாத்திருப்பேன்."

அவன் தலையை ஆட்டினான். அதற்கு முன்பே அது அவனுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். டீ வாங்கி வந்தேன். மணிக்கட்டுகளுக்கு நடுவில் வைத்துக் குடித்துவிட்டு எழுந்து போனான். இப்போது அவன் பட்டறைக்கு வேலை கொஞ்சம் வருகிறது. அவன் சொல்லச் சொல்ல ஆட்கள் செய்கிறார்கள். வெல்டு அடித்த இடத்தில் விரல் ஓட்டிப் பார்க்க முடியாததால் கன்னத்தை வைத்துப் பார்க்கிறான்.

என் உள்ளங்கையில் அந்தச் செம்பு இழை போட்ட கோடு ஒன்று இருக்கிறது. வலி இல்லை. இன்றைக்கும் அவசரத்தில் வருகிற டிரைவர்கள், "ஃப்யூஸ் சும்மா சும்மா போவுதுண்ணே, டைரக்ட் குடுத்துடுங்க" என்று கேட்பார்கள். முடியாது என்று சொல்லிவிட்டு, எங்கே தொடுகிறது என்று தேட ஆரம்பிப்பேன், அரை நாள் ஆனாலும் சரி. வண்டியில் கூட வந்தவர் ஏதாவது சொன்னால், கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு முழுக்கக் கேட்கிறேன். அன்றைக்குப் புதுச்சத்திரத்தில் தப்பு நடக்கிறது என்று எனக்கு எடுத்துச் சொன்னவை இரண்டே இரண்டு, அந்த ஃப்யூஸும் என் மச்சானும், இரண்டின் வாயையும் ஒரே மூச்சில் அடைத்தவன் நான் என்பது அந்தக் கோட்டைப் பார்க்கும்போதெல்லாம் ஞாபகம் வருகிறது.